மறுபூஜை முடியாத வீடு

செப்டம்பர் 4, புதன்

இன்று அவர் வாய் திறந்து ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மதியம் சாப்பிடும்போது, "அமரா, வால்பாறைல ஒருத்தரு பழைய ரிவால்வர் ஒண்ணு விக்கறாராம். இங்கிலாந்துல செஞ்சது. ஏழு லட்சம் சொல்றாரு. வந்து பாத்து, வெலை தகுமான்னு சொல்றியா?" என்றார். ரசம் ஊற்றப் போன என் கை நின்றுவிட்டது. விலையைக் கேட்டு அல்ல. இந்த மனிதருக்கு மறுபடி ஒன்றின்மேல் ஆசை வந்திருக்கிறதே என்று.

எங்கள் வீட்டில் ஆசைப்படுகிற வேலை அவருக்கு, விலை பேசுகிற வேலை எனக்கு. வால்வு ரேடியோ, சாவி கொடுக்கிற கடிகாரம், தந்தி ஆபீஸ் மிஷின், மாங்காய்ப் பூட்டு என்று வீட்டில் இல்லாத பழசு இல்லை. பிடித்துவிட்டால் அவர் முகம் குழந்தை முகம்போல ஆகிவிடும். அதைப் பார்த்தே கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். நான் மாட்டுத் தரகர் மகள். தங்கத்தையே கொண்டுவந்து வைத்தாலும் 'இது என்னத்துக்கு ஆகும்' என்று பார்க்கிற முகம் எனக்கு. முப்பது வருஷமாக இப்படித்தான் குடும்பம் ஓடுகிறது.

துப்பாக்கி லைசென்ஸ் என் மாமனார் காலத்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. துப்பாக்கியை விற்ற பிறகும் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறோம். கௌரவம்தான், வேறென்ன.

போய்ப் பார்க்கலாமுங்க என்றேன். பொழுது சாய்ந்து தோசை சுட்டபோது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

மோட்டார் மெக்கானிக் வரவில்லை. தென்னைக்குத் தண்ணீர் இல்லை. மாடி அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வால்பாறை போய் வந்தோம். மலை ஏறும்போது எனக்கு வழக்கம்போலக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன்.

விற்கிறவர் பெயர் பெலிக்ஸ். எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார். போவதற்குள் துப்பாக்கியை விற்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

மேஜைமேல் கம்பளியை விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்தார். ஒன்று பார்க்கவே அவ்வளவு அழகு. சிப்பியில் செய்த பிடி, குழல் முழுக்கக் கொடி வேலைப்பாடு. ஆனால் ஈயம் ஊற்றிக் குழலை அடைத்து, ஊசியையும் தேய்த்துவிட்டார்களாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான் ஆகும். அதற்கு ஒன்றரை லட்சம். இன்னொன்று கறுப்பு. மேல்பூச்சு உரிந்து, மரப்பிடியின் ஓரம் உடைந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. ஏழு லட்சம் அதற்குத்தான்.

மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பதுபோல இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, ஆனால் பொருள் தெரியும். "ஏனுங்க, இது அம்சமா இருக்குது, வெலையும் கம்மி. இதையே பாக்கலாமுங்களே" என்று சிப்பிப்பிடியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "அது சுடாது" என்றார்.

பெலிக்ஸ் சிரித்தார். "சார், நீங்க ஷோகேஸ்ல வெக்கத்தானே கேக்கறீங்க? மேடம் சொல்றதுதான் சரி."

அவர் கறுப்பு ரிவால்வரின் உருளையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை முகம் வரவே இல்லை. நான் எதிரே உட்கார்ந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பெலிக்ஸ், "விக்கறதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டு ஒண்ணரை மாசம் காத்திருக்கணும். நல்லவேளை, சார் ஆவணி பொறந்த உடனேயே அதைக் குடுக்கச் சொல்லிட்டாரு" என்றார். ஆவணி பிறந்து எத்தனை நாளாயிற்று. என்னிடம் சொன்னது போன புதன்கிழமை.

இறங்கும்போது ஒரு வளைவில் வரையாடு நின்றது. வண்டியை நிறுத்தி, அது போகிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். மனசே சரியில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

"வெலை தகாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப எவ்வளவு தகும்?"

"வெறுங்கையோட வர்றதுதான் தகும்."

"நீ பேசுனா கொறையும் அமரா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எதற்குங்க அது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவரைக்காய் முற்றிவிட்டது. நாளைக்குப் பறித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா வீட்டுக்கு மோர் வாங்கப் போனேன். டிவி மேஜைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் அதன்மேல் பேப்பரைப் போட்டு மூடினார். மூடினால் பார்க்காமல் இருக்க முடியுமா. எண்ணெய் மில் வீட்டுப் பையன் கல்யாணம். ஐப்பசி ஐந்து, திங்கட்கிழமை, காலை முகூர்த்தம்.

"எல்லாத்துக்கும் வெச்சாங்க அம்மிணி. உங்க ஊட்டுக்கு வெக்கல. வெக்கறதுக்கு மூஞ்சி வேணுமில்ல" என்றார் அக்கா. "ஆவணி மொத மூர்த்தத்துலயே நிச்சயம் முடிச்சுட்டாங்களாம்."

மாடி அறைக்கு உரியவனைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அவனுடைய ஸ்கூட்டரை ஆனைமலை ரோட்டில் இடித்த கார் எண்ணெய் மில் வீட்டுக் கார். ஓட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். ஆனி மாசம் கோர்ட்டில், பார்த்ததாகச் சொன்ன எல்லோரும் பார்க்கவில்லை என்றார்கள். அந்தக் கல்யாணப் பையனை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் கைகால் கழுவினார், பேப்பர் படித்தார். அழுதிருந்தால் தேவலையே என்று நினைத்தேன்.

நிச்சயம் நடந்த வாரமும், பெலிக்ஸை எழுதிக் கொடுக்கச் சொன்ன வாரமும் ஒன்று. தற்செயலாக இருக்கும். மோரை மேடைமேல் மறந்து வைத்துப் புளித்துப் போயிற்று.

செப்டம்பர் 20, வெள்ளி

அவர் நன்றாகத் தூங்குகிறார். இரண்டு வருஷமாகக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்த மனிதர், படுத்த உடனே குறட்டை விடுகிறார். குளியலறைக் குழாயைச் சரிசெய்தார். கொட்டகைக்கு ஓடு மாற்றினார். என்னைக் கூட்டிப்போய் மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, ட்ரிப் ஆனால் என்ன செய்வது என்று காட்டினார். தேங்காய் வியாபாரியின் நம்பரை என் போனில் ஏற்றி, "ஏமாந்துராதே, காயை எண்ணி எடுக்கச் சொல்லு" என்றார்.

"நீங்க எங்க போறீங்க, நான் எண்ணறதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்குத்தான்."

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். யாருக்கு என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

நான் செய்த முட்டாள்தனத்தை முழுக்க எழுதிவிடுகிறேன்.

இன்று பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. தரகர் ஆறுச்சாமி என் அப்பாவிடம் தொழில் பழகியவர். இப்போது மாடு, காடு, கார் எது கிடைத்தாலும் தரகு பேசுவார். இவர் கேட்டுக்கொண்டதால் பெலிக்ஸையும் எங்களையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். எங்கே பார்த்தாலும் சாணி, தூசி, தாம்புக்கயிறு. டீக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றோம்.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் அப்புறம் விற்கிறவர் பக்கம் போய் அவர் கையைத் துண்டுக்குள் பிடிப்பார். ஒத்துவந்தால் உள்ளங்கையில் ஓர் அடி. அடித்துவிட்டால் அவ்வளவுதான், வார்த்தை மாறக் கூடாது. பெண்கள் இதற்கு வருவதில்லை. ஆனால் எனக்கு ஆறு வயசிலேயே அப்பா விரல் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஆறுச்சாமி இவர் கையைப் பிடிக்கத் துண்டை எடுத்தபோது, "நான் பேசறனுங்க" என்று என் கையை நீட்டினேன். இவரை விட்டிருந்தால் ஏழுக்கே முடித்திருப்பார்.

என் திட்டம் இதுதான். அவமானப்படுத்துகிற மாதிரி ஒரு விலை கேட்பது. மானமுள்ள எவனும் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுவான். ஒரு விரலுக்கு ஒரு லட்சம். நான் மூன்று விரலைப் பிடித்தேன். துண்டுக்குள் ஆறுச்சாமியின் கை திடுக்கிட்டது. "அம்மிணி..." என்றார். நான் விடாமல் அதே மூன்றை அழுத்தினேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே பெலிக்ஸிடம் போனார். துண்டுக்குள் கை போயிற்று. பெலிக்ஸ் வானத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். நான் கிளம்பத் தயாராகப் பையைத் தோளில் மாட்டினேன்.

ஆறுச்சாமி திரும்பி வந்து என் உள்ளங்கையில் அடித்தார்.

"பிளேன் டிக்கெட் போட்டுட்டாராம். ஸ்டேஷன்ல குடுத்துத் துருப்புடிக்கறதுக்கு, மூணுக்கே போகட்டுமுன்னுட்டாரு. உங்கப்பன் இருந்தாக்கூட இந்த வெலைக்கு முடிச்சிருக்க மாட்டாரு அம்மிணி!"

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்தால் இந்த நோட்டு எழுதுவதில் அர்த்தமே இல்லை. அடுத்த நொடிதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பிடிக்கப் போனது பிள்ளையார், முடிந்தது குரங்கு.

"நான் சொல்லல? நீ பேசுனா கொறையும்னு" என்று அவர் என் தோளைத் தட்டினார்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆறுச்சாமிக்குப் போன் போட்டு, வேண்டாமுங்கண்ணா, முறித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "உன் கைய நம்பியில்ல அம்மிணி நான் அடிச்சேன், உங்கப்பன் பேர நம்பி அடிச்சேன். இத மாத்துனா நாளைக்கு நான் சந்தைக்குள்ள கால் வெக்க முடியுமா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டினால் ஊர் விஷயம் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் எப்படியோ தைரியம் வந்து அவரிடம் கேட்டுவிட்டேன். "எதுக்குங்க அது?"

"பழசு. அழகா இருக்குது."

"அழகா இருந்தத வேண்டாமுன்னுட்டீங்களே."

டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

வந்துவிட்டது. அதோடு கோயம்புத்தூர் கடையில் தோட்டாவும் வாங்கி வந்திருக்கிறார். ரேடியோ வாங்கினால் பாட்டு கேட்க மாட்டார், கடிகாரம் வாங்கினால் மணி பார்க்க மாட்டார். சும்மா துடைத்துத் துடைத்து வைப்பார். தோட்டா வாங்குகிறவர் அல்ல என் வீட்டுக்காரர்.

அக்டோபர் 9, புதன்

நாளெல்லாம் யோசனை. கிணற்றில் போட்டுவிடலாம். போட்டால்? லைசென்ஸ் கணக்கில் ஏறிய பொருள், ஸ்டேஷன்காரன் அவரைப் பிடித்துக்கொண்டு போவான். அதுகூடப் பரவாயில்லை. துப்பாக்கி இல்லாவிட்டால் கொட்டகையில் கொடுவாள் இருக்கிறது. தேங்காய் உரிக்கிற கம்பி இருக்கிறது. சமையலறையில் அரிவாள்மனை இருக்கிறது. எண்ணம் இருக்கிறவனுக்கு இரும்புக்கா பஞ்சம். எதையென்று ஒளிப்பேன்.

போலீசில் போய்ச் சொன்னால், முதலில் அவரைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள். மகனைப் பறிகொடுத்தவளுக்குப் புருஷனும் ஜெயிலில். சொல்லாமல் விட்டாலும் அதுதான். அந்தப் பையனைப் பெற்றவளும் ஒருத்தி இருக்கிறாள். அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடு சேர்த்து, அவளுக்கும் இப்படி ஒரு காலை விடியக் கூடாது என்றும் தோன்றுகிறது. இது என்ன மனசோ.

ஆயுத பூஜை நோம்பிக்குப் பொரி, கடலை, சந்தனம் வாங்க வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

காலையில் கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டேன். கொடுவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார் அவர். கடைசியாக உள்ளே போய் அந்தக் கறுப்பு ரிவால்வரையும் எடுத்து வந்தார். "இதும் ஆயுதந்தானே" என்று வாழையிலையில் வைத்துவிட்டு, தோட்டாக்களைப் பக்கத்தில் வைத்தார். நான் மோதிர விரலால் சந்தனம் தொட்டு அதன்மேல் வைத்தேன். குங்குமமும் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் யாரும் தொடக் கூடாது. இவர் கோயிலுக்கு அதிகம் போகிறவர் அல்ல, ஆனால் இதில் மட்டும் கறார். அவருடைய அப்பா ஒரு வருஷம் மறுபூஜைக்கு முன்னால் கொடுவாளை எடுத்து மட்டை வெட்டப் போய்க் கால் விரலை வெட்டிக்கொண்டார். சின்னப் பையனாக இவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஓடிப்போய் அரிவாள்மனையை எடுத்து வந்து வைத்தேன். காய் நறுக்குகிற கத்தி, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், மிக்ஸி, அம்மிக் குழவி. கார் சாவி, பைக் சாவி. அவர் சவரம் செய்கிற பிளேடுகூட.

"என்ன அமரா, ஊட்டையே கொண்டாந்து வெச்சுட்டே?"

"எல்லாம் உழைக்கற சாமானுங்க. ஒண்ண விட்டா அதுக்கு வெசனமா இருக்குமில்ல."

கற்பூரம் காட்டினேன். சாமி, இது எல்லாம் இங்கேயே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. குளித்துவிட்டு வந்து, "மறுபூஜையப் போட்டுரலாமா?" என்றார்.

"பூக் கேட்டுட்டுப் போடறனுங்க. மனசு ஒரு மாதிரியா இருக்குது."

எங்கள் பக்கத்தில் எதற்கும் சாமியிடம் பூக் கேட்பது உண்டு. வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் பொறு. இலையில் மடித்து நூல் கட்டி இரண்டையும் சாமி முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அரளி.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

இரண்டிலும் அரளிதான் வைத்தேன். சாமியையே ஏமாற்றுகிறேன். அம்மன் தண்டனை கொடுத்தால் எனக்குக் கொடுக்கட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றும் அரளி. தினமும் அரளி.

மரம் ஏறுகிற ஆள் வந்து, கொடுவாள் பூஜையில் இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டுப் போனான். பீன்ஸைக் கையால் ஒடித்துப் பொரியல். வெங்காயத்தை முழுசாகப் போட்டுக் குழம்பு. ருக்குமணியக்கா சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டு, "ஏனம்மிணி, உங்க ஊட்டுல இன்னும் நோம்பி முடியலியா?" என்று கேட்டார். அவர் தாடியோடு தாலூகா ஆபீசுக்குப் பஸ்ஸில் போய் வந்தார். ஒரு வார்த்தைகூட முறைப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அக்டோபர் 18, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தவர் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கற்பூரமும் தீப்பெட்டியும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒரு குச்சி கிழித்தால் மறுபூஜை ஆயிற்று. ஆம்பளை செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

கூடத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

வெள்ளை வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். எங்கே என்று கேட்கவில்லை. போட்டு வைத்தேன். சட்டைக் காலரில் கொஞ்சம் தீய்த்துவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

விடிவதற்கு முன்பே குளித்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. செருப்பை எடுத்து வாசற்படியில் திருப்பி வைத்துவிட்டு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"பூக் கேளு."

பொட்டலம் இரண்டையும் கொண்டுவந்து வைத்தேன். வைக்கும்போது ஒன்று உருண்டு ரிவால்வர் பக்கம் போயிற்று. எடுத்து மறுபடி வைத்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு இவர் எழுந்து அதை எடுத்தால் நான் காலைக் கட்டிக்கொள்வேன், இழுத்தாலும் விட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழு வயசு உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு பொட்டலத்தின்மேல் கையை வைத்தார். பிரிக்கவில்லை. அப்படியே இருந்தார். வெளிச்சம் வந்தது. பால்காரன் மணியடித்துப் பார்த்துவிட்டுப் வாசலில் பாத்திரம் வைக்காததால் திரும்பிப் போனான். பக்கத்து வீட்டுக் கார் கிளம்பிற்று. ருக்குமணியக்கா குடும்பம், பட்டுப்புடவை சரசரக்கக் கல்யாணத்துக்குப் போகிறது. அவர் தலையைத் திருப்பவில்லை. வெயில் கூடத்துக்குள் வந்து கொடுவாள்மேல் விழுந்தது. முகூர்த்தம் முடிந்திருக்கும். பேசினால் எதுவோ உடைந்துவிடும் என்று பயம்.

அப்புறம் அவர் நூலை அவிழ்த்தார். அரளி. இன்னொன்றையும் எடுத்து அவிழ்த்தார். அதுவும் அரளி.

ஒளிய இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்" என்றார். "நந்தியாவட்டைச் செடியில பூ பூராவும் பறிக்காம அப்படியே வாடிக் கெடக்குது."

"தெரிஞ்சுமா தெனமும் எடுத்தீங்க?"

"என்னைக்காச்சும் ஒரு நாளு நீ சலிச்சுப் போயி வெள்ளைய வெச்சுருவியோன்னு, பயந்துக்கிட்டேதான் எடுத்தேன் அமரா."

அவர் வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்து அழுகையை ஒரேயடியாக அழுதார். "திவாகரு, திவாகரு" என்று நான்தான் முதலில் சொன்னேன். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. என் மகன் பெயர் திவாகரன். இருபத்தாறு வயசு. இந்த நோட்டில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் கற்பூரம் காட்டி மறுபூஜை முடித்தேன். "நீயே எடுத்துக்க, என்னைத் தொட வெக்காதே" என்றார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. ரிவால்வரையும் தோட்டாக்களையும் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் காரை ஓட்டினார்.

ஸ்டேஷனில் இருந்த எழுத்தர் சின்ன வயசுக்காரர். லைசென்ஸைப் பார்த்தார், ரிவால்வரைப் பார்த்தார். "வாங்கி ரெண்டு வாரந்தானேம்மா ஆச்சு? அதுக்குள்ள எதுக்கு ஒப்படைக்கறீங்க? துப்பாக்கியெல்லாம் வாங்கி வெக்கறதுக்குத் தேர்தல்கூட இல்ல."

நான் முந்திக்கொண்டேன். வாசலைத் தாண்டாமல் காப்பாற்றிய பழக்கம் எங்கே போகும். "வெலை ஜாஸ்தி குடுத்துட்டோமுங்க. வேற ஆள் பாத்து வித்துரலாம்னு..."

"அதில்லீங்க" என்றார் இவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் அல்ல, துண்டுக்குள் அல்ல, ஸ்டேஷனில் நாலு பேர் பார்க்க. "எம் பையன் செத்துப் போயிட்டானுங்க. இது ஊட்டுல இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே பயமா இருக்குது. நீங்களே வெச்சுக்குங்க."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். உட்காருங்கய்யா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.